உப்பு பிஸ்கட்

கேக்காரரின் ஒரே மகள் கேக் சாப்பிட மாட்டாள். ஊருக்கெல்லாம் கேக் போட்டுக் கொடுக்கிறவருக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? பழத்தையும் தொட மாட்டாள். சின்ன வயதில் தாஜா பண்ணி ஊட்டியபோதெல்லாம் வாந்தி எடுத்தாள். திமிர் என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர்.

பதினாறு வயதில் குச்சியாக நின்றாள். மனநல டாக்டர், இது ஒல்லியாக வேண்டுமென்று பட்டினி கிடக்கும் நோய் என்றார். ஒரு மாதத்தில் எடை ஏறாவிட்டால் வார்டில் சேர்த்து, மூக்கில் குழாய் போட்டு இனிப்பான சத்துப் பானத்தை இறக்குவார்களாம்.

அதற்குள் எப்படியாவது எடையை ஏற்றிவிட நினைத்தார் கேக்காரர். மகள் ஆசையாகச் சாப்பிடுவது அவர் கையால் செய்த உப்பு பிஸ்கட் ஒன்றைத்தான். தொழில் தெரிந்தவர் அல்லவா, அந்த மாவில் சர்க்கரையைப் பொடித்துக் கலந்து, மிளகைத் தூக்கலாகப் போட்டு மறைத்தார். அதையும் தின்றுவிட்டு வாந்தி எடுத்தாள். இரண்டு கிலோ இறங்கிப் போனது. நோய் முற்றிவிட்டது என்று சொல்லி, டாக்டர் திங்கட்கிழமை வார்டில் சேர்க்கச் சொன்னார்.

வாந்தி எடுக்கிறவர்களுக்குப் பல் கெடும் என்பதால், சேர்ப்பதற்கு முன் பல்லைக் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. பல் டாக்டரம்மா வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு அப்பாவுக்கு என்ன தொழில் என்று விசாரித்தார்.

"கேக் கடை வீட்டுப் பொண்ணுக்கு ஒரு சொத்தைப் பல்கூட இல்ல. இனிப்பே படாத பல்லு இது. இனிப்பு சாப்பிட்டா உனக்கு என்ன பண்ணும்னு இவளை யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டதும், இனிப்பு உள்ளே போனால் வயிறு வலிப்பதையும் தலை சுற்றுவதையும் மகள் பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னாள்.

ரத்தப் பரிசோதனையில் விஷயம் வெளியே வந்தது. பழத்திலும் சர்க்கரையிலும் இருக்கிற ஒருவகை இனிப்பை அவள் உடம்பால் பிறவியிலேயே கையாள முடியாது. அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி என்று வந்த கோளாறு. குழாயில் இறக்கியிருந்தால் ஈரல் போயிருக்கும், உயிரேகூடப் போயிருக்கலாம் என்று அதே மனநல டாக்டர் நிதானமாக விளக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கேக்காரர் சமையலறையில் மகள் எதிரே உட்கார்ந்தார்.

"பிஸ்கட்ல சர்க்கரை கலந்தேன்மா."

"தெரியும்பா. முதல் கடியிலயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சாப்பிட்ட?"

"நீங்க செய்யுறதுல நான் சாப்பிடுறது அது ஒண்ணுதான். அதையும் வேணாம்னு எப்படிப்பா சொல்றது?"

கேக்காரர் டப்பாவில் மிச்சமிருந்த அந்த பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்று பார்த்தார். இருபது வருடம் இனிப்பு ருசி பார்த்த நாக்குக்கு, அதில் சர்க்கரை இருப்பதே தெரியவில்லை.