காய்ச்சல் இல்லாதவள்

கச்சான் காற்று அனலாய் வீசுகிற ஆவணியில் நாவற்குடாவில் நாய்கூட நிழல் தேடித்தான் படுக்கும். அந்த வெயிலில் புருசனின் நீளக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தாள் புஸ்பம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், குளிர்கிறவளுக்குத்தானே குளிர் தெரியும்.

சுனாமிக்கு அடுத்த வருசம் தொடங்கிய களைப்பு இது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் நாளெல்லாம் கதிர் அறுத்தவள் போல உடம்பு கெஞ்சும். கைகால் சில்லிட்டுக் கிடக்கும். கடல் கொண்டுபோன தங்கச்சியை நினைத்த கவலை என்றது ஊர். சண்டை நெருங்கிய காலத்தில் அதே களைப்புக்குப் பயம் என்று பெயர் வைத்தது. போன வைகாசியில் சண்டையும் முடிந்தது, களைப்பு மட்டும் முடியவில்லை. சொல்ல வேறு காரணம் கிடைக்காததால் சோம்பேறி என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திய தையல் நிலையத்தில் அவளுக்கு ஒரு மெசின் கிடைத்திருந்தது. அவள் புருசன் கோணாமலை, வாவியில் வலை வீசிக் கொண்டுவருவது கறிக்குத்தான் காணும். சோறு இந்த மெசினில் இருந்துதான் வரவேண்டும். அவளோ வாரத்தில் இரண்டு நாள் எழும்ப முடியாமல் கிடந்தாள். பொறுப்பாளர் இலட்சுமிப்பிள்ளை கெட்டவள் அல்ல, ஆனால் சட்டக்காரி.

"நோய் வருத்தமெண்டா மிஸ்ஸி எழுதின துண்டு கொண்டா புள்ள. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள துண்டு வரல்லயெண்டா மெசின வேற ஆளுக்குக் குடுத்திருவன்" என்று காலையில் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

ஊர் மிஸ்ஸி என்று அழைக்கும் டிஸ்பென்சரித் தாதி பரீனா காத்தான்குடிக்காரி. பன்னிரண்டு வருசக் கை. வழக்கம்போலப் புறங்கையைப் புஸ்பத்தின் கழுத்தில் வைத்தாள்.

"காய்ச்சல் இல்லயே தங்கச்சி. போன முறையும் இதைத்தானே சொன்னன்?"

"தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்களன் மிஸ்ஸி."

பெருமூச்சு விட்டபடி எடுத்துக் கொடுத்துவிட்டு, சிப்பி வெட்டிய காலோடு வந்த ஒருவருக்கு மருந்து கட்டப் போனாள் பரீனா.

நம் ஊரில் காய்ச்சல்தான் வருத்தத்தின் அடையாள அட்டை. உடம்பு சுட்டால் கஞ்சி வரும், லீவும் வரும். சுடாதவன் செத்தாலும் நடிக்கிறான் என்பார்கள். மேசையில் மிஸ்ஸியின் இஞ்சித் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. புஸ்பம் வாழ்க்கையில் ஒரு மாங்காய்கூடத் திருடியதில்லை. இன்று தெர்மாமீட்டரை அந்தக் கோப்பைக்குள் விட்டு எடுத்தாள்.

திரும்பி வந்த பரீனா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அல்லாஹ்வே! நூற்றியேழு! இந்தக் காய்ச்சலோட நடந்தா வந்தீங்க?" பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். "இஞ்சி மணக்குதே?"

புஸ்பத்துக்குத் தலை நிமிரவில்லை. பரீனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தெர்மாமீட்டரைக் கழுவி, உதறி, தானே அவள் நாக்கின் கீழ் வைத்துக் காவல் நின்றாள். தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டு. மறுபடி உதறி வைத்தாள். அதே தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டு.

"பாத்தீங்களா? தேத்தண்ணிக்குள்ள போட்டுப் பழுதாக்கிட்டீங்க!"

பழுதை உறுதிப்படுத்த, மருந்துத் தண்ணீரில் கழுவித் தன் வாயிலேயே வைத்துக்கொண்டாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. சாமானில் ஒரு பழுதும் இல்லை. மூன்றாம் முறை புஸ்பத்துக்கு வைத்தபோதும் பாதரசம் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

பரீனா நோயாளர் புத்தகத்தை எடுத்தாள். சித்திரை, ஆனி, ஆடி என்று மூன்று இடத்தில் புஸ்பத்தின் பெயர் இருந்தது. மூன்றுக்கும் நேரே 98.4 என்று பரீனாவின் கையெழுத்து. அந்த நாட்களில் தெர்மாமீட்டர் போத்தலை விட்டு வெளியே வந்ததே இல்லை. கழுத்துச் சுடாவிட்டால் அந்த இலக்கத்தை எழுதுவதுதான் அங்கே வழக்கம். எல்லாரும் எழுதினார்கள், அவளும் எழுதினாள்.

"இது என்னெண்டு எனக்குத் தெரியா தங்கச்சி" என்றாள் கடைசியில். "கழுத்துச் சுரப்பி குறைஞ்சாலும் உடம்பு குளிரும், களைக்கும் எண்டு படிச்சிரிக்கன். அதுவாயும் இரிக்கலாம், வேறயாயும் இரிக்கலாம். பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தாறன், ரத்தம் சோதிக்கட்டும்."

"துண்டு, மிஸ்ஸி? காய்ச்சலெண்டு எழுதாட்டி மெசின் போயிரும்."

பரீனா கைத்தொலைபேசியை எடுத்து, நம்பரைக் கேட்டு, இலட்சுமிப்பிள்ளையையே அழைத்தாள். "அந்தப் புள்ளைக்கு ரெண்டு கிழமை ஓய்வு வேணும். மெசினில ஆள வைக்காதீங்க. ஓம், காய்ச்சல் இல்லதான். எண்டாலும் வருத்தம்தான், நான் எழுதித் தாறன்."

"என்னை மன்னிச்சிருங்க மிஸ்ஸி. பொய் சொல்லிட்டன்" என்றாள் புஸ்பம்.

பரீனா புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். "நீங்க ஒரு தரம்தான் சொன்னீங்க. நான் மூணு தரம் எழுதியிரிக்கன்."

நீட்டிய துண்டைப் புஸ்பம் வாங்கவில்லை. சோம்பேறி சோம்பேறி என்று ஊரோடு சேர்ந்து தானும் இத்தனை வருசம் திட்டிய தன் உடம்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, சுவரோர வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.