ஆண் லைன்

எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துவிடும். என் மனைவி லோகு இருபது வருஷமாக இதைத்தான் சொல்கிறாள். கொரோனா வருஷத்தில்தான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. ஊரடங்கு தளர்ந்து உள்ளே போனால், ஒட்டி நிற்கக் கூடாதென்று எங்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பெயிண்ட் டப்பா அளவு எழுத்தில் இரண்டு போர்டு: ‘ஆண் லைன்’, ‘பெண் லைன்’. பெண் லைனில் பேக்கிங், ஆண் லைனில் இரும்பு தூக்குவது. கண்ணை மூடினாலும் அந்தப் போர்டுதான் தெரியும்.

என் மகள் தமிழ்செல்விக்கு அந்த வருஷம்தான் சென்னைக் கல்லூரி ஒன்றில் இயற்பியலுக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். சேருவதாக உறுதி செய்ய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை நேரம்.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து, பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் ஆரணிக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். உள்ளே அவள் ரம்யாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரம்யா பக்கத்துத் தெருப் பெண். போன மாதம்தான் எங்கள் கம்பெனியில் பெண் லைனில் சேர்ந்தவள்.

“எப்போ தொறப்பாங்கன்னே தெர்ல ரம்யா. பரவால்ல, ஆன்லைன்லயே சேந்துர்றேன்.”

எங்கள் பக்கத்து நாக்குக்கு இரண்டு சுழி, மூன்று சுழி வித்தியாசமெல்லாம் கிடையாது. என் காதில் விழுந்தது ஆண் லைன்.

“ஆண் லைனா? அறிவு கீதா உனக்கு? அதுல சேந்தா இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காத!” என்று கத்தினேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. “அப்போ ஒரு வருஷம் சும்மா உக்காரச் சொல்றியா நைனா?”

துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் அவள் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் லோகு பொறுக்க மாட்டாமல் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“பொண்ண ஏன்யா இப்டி பேஜார் பண்ற? எல்லா ஊட்டுப் புள்ளைங்களும் அதுலதான் சேந்துக்கினு கீதுங்க.”

“அம்பது கிலோ இரும்பு தூக்கணும்டி! இடுப்பு ஒடிஞ்சிரும்.”

“காலேஜ்ல இன்னாத்துக்குயா இரும்பு தூக்கறாங்க?”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் சிரித்தாள் பாருங்கள், கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எனக்கோ தூக்கிவாரிப்போட்டது. ஆன்லைன் எனக்குத் தெரியாததா? கேஸ் சிலிண்டரே அதில்தான் புக் செய்கிறேன். அவசர புத்தி, வேறென்ன! மணி அப்போதே நாலேகால்.

ஓடினேன். “செல்வி, நான் சொன்னது கம்பெனி லைனும்மா! நீ காலேஜ்ல சேந்துடு!”

அவள் தலையணையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. “வேணாம் நைனா. நானும் யோசிச்சுட்டேன். ஊட்ல உக்காந்துக்கினு போன்ல படிக்கறது ஒரு காலேஜா? ஒரே ஒரு வருஷம் ரம்யாகூட வேலைக்குப் போறேன். அடுத்த வருஷம் நேரா போய் சேந்துக்கறேன்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நானும் பாலிடெக்னிக் சீட்டை உட்டுட்டு ஒரே ஒரு வருஷம்னுதான் லைன்ல நின்னேன்” என்றேன். “இருபத்திரெண்டு வருஷம் ஆவுது. அந்த அடுத்த வருஷம் இன்னும் வரல.”

செல்வி எழுந்து உட்கார்ந்தாள்.

“பாலிடெக்னிக்கா? நீயா? இன்னா குரூப்பு?”

“எலக்ட்ரிகல்.”

“ஊட்ல ஃபேன் ரிப்பேருக்கு ஆள் கூப்புடுற, எலக்ட்ரிகலாம்!” என்று சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உன் போன எடு. ஓடிபி உன் நம்பருக்குத்தான் வரும்” என்றாள்.

நாலு ஐம்பதுக்கு ஓடிபி வந்தது. பதற்றத்தில் நான் ஒரு எண்ணை மாற்றிப் படிக்க, லோகு போனைப் பிடுங்கிச் சரியாகப் படித்தாள். செல்வியின் போனில் வட்டம் சுற்றிச் சுற்றி ஒருவழியாக நின்றது. பச்சை எழுத்தில் வந்தது: ‘ரா. தமிழ்செல்வி, இயற்பியல், முதலாம் ஆண்டு.’

அவள் போனை வாங்கி அதை வாய்விட்டுப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

“போதும் நைனா, போனக் குடு” என்றாள் செல்வி.

நான் கொடுக்கவில்லை.