தப்பு வரைக்கும் பிரி

ஒன்பதாம் வகுப்பில் தோற்றுத் தறியில் உட்கார்ந்தவள் நான். வீட்டிலேயே பாடம் தொடங்கிய முதல் ஒரு மாதம், என் பிள்ளைக்கு வகுத்தல் சொல்லித்தரவே பயந்து, அவள் பல் விளக்குகிற நேரத்தில் நானே ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்வேன்.

திரிஷாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது ஆசைக்காக அல்ல. மூன்றாம் வகுப்பில் ஒரு கணக்கு தப்பானதற்கு டீச்சர் அவளைப் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினாள். பயத்தில் பிள்ளை நின்றபடியே ஒன்றுக்குப் போய்விட்டது. மறுநாள் முதல் வகுப்பு முழுக்க அவளைக் கூப்பிட்டது 'தண்ணி லாரி' என்றுதான். பள்ளிக்குக் கூட்டிப்போகிற ஷேர் ஆட்டோ ஹாரன் கேட்டாலே வாந்தி எடுப்பாள். நான்கு மாதம் பொறுத்துவிட்டு, இனி வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

என் வீட்டுக்காரர் சிவபாலன் தலையாட்டினார். அவருடைய அக்கா இளவரசிதான் ஆடித் தீர்த்தாள். ஏனாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். குடும்பம் மொத்தமும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்.

"இன்னாம்மா காவேரி, ஒம்போதாவது ஃபெயிலானா இப்பல்லாம் டீச்சர் வேலையே குடுக்கறாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

எனக்குத் தைரியம் கொடுத்தது தறிதான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கூடத்தில் நான் நெய்வேன், தறிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டு அவள் எழுதுவாள். ஒரு நாள் சேலையில் புட்டாப் பூ ஒன்று கோணலாக விழுந்து, நான்கு விரற்கடை நெய்த பிறகுதான் கண்ணில் பட்டது. நெய்ததையெல்லாம் இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மேல நெய்ததெல்லாம் நல்லாதானமா இருக்குது? அத ஏன் பிரிக்கற?" என்று கேட்டாள்.

"தப்பு மேல நெய்தா, நல்லா நெய்ததும் தப்புதான். தப்பு வரைக்கும் பிரிக்கணும். அங்கருந்து மறுபடி நெய்யணும்."

சொல்லி வாய் மூடவில்லை, எனக்குப் பளிச்சென்றது. அன்றிலிருந்து கணக்குக்கும் அதுதான் சட்டம். இருபது கணக்கில் நான்காவது தப்பென்றால், நான்கிலிருந்து இருபது வரை ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். ஐந்தாவது சரியாக இருக்கிறதே என்று அழுவாள். அழட்டும் என்று விட்டேன். முதல் வாரம் ஒரு காலையில் ஐந்து தடவைகூட அழித்தாள். விரல் நுனி சிவந்து போகும். ரப்பர் மாதத்துக்கு இரண்டு தீர்ந்தது. தை பிறந்தபோது வாரத்துக்கு ஒரு தப்பு வந்தால் அதிகம்.

அப்புறம் எனக்கு ஏறிய திமிரைக் கேட்காதீர்கள். எதிர்வீட்டு அம்சவேணி தன் மகன் படிக்கவில்லை என்று புலம்ப வந்தபோது, "பாவம், ஸ்கூல நம்பிக்கினு இருக்கியே" என்றேன். விசேஷ வீடுகளில் இளவரசி காதில் விழுகிற மாதிரி வாய்ப்பாடு சொல்ல வைத்தேன். அவள் முகம் கறுக்கும்போது எனக்குச் சாப்பாடு ருசித்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளவரசி கேள்வித்தாளோடு வந்து நின்றாள்.

"இருபது கணக்கு. ஒரு மணி நேரம். பதினஞ்சு கரெக்டா போட்டா நீயே சொல்லிக்குடு, நான் வாயத் தொறக்கல. இல்லன்னா ஜூன் மாசம் அதே ஸ்கூல்ல கொண்டும்போய் சேக்கணும். நடுவுல நீ ஒரு வார்த்த சொன்னாலும் தோத்த மாதிரிதான். இன்னாடா தம்பி?"

"சரிக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"பதினஞ்சு இன்னாத்துக்கு அண்ணி? இருபதே வச்சிக்குங்க" என்றேன். இளவரசி போனில் அலாரம் வைத்தாள்.

திரிஷா வழக்கமான பாயில் உட்கார்ந்தாள். நான் தறியில் உட்கார்ந்து அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணியில் இருபதும் முடித்துவிட்டாள். மூன்றாவதில் மட்டும் ஏழு எட்டு ஐம்பத்து நான்கு என்று போட்டிருந்தாள். மற்ற பத்தொன்பதும் சரி. அப்படியே நீட்டியிருந்தால் போதும்.

அவள் நீட்டவில்லை. நான் பழக்கியபடி முதலிலிருந்து சரிபார்த்தாள். மூன்றாவதில் பென்சில் நின்றது. ரப்பரை எடுத்தாள்.

எனக்கு நெஞ்சு விம்மியது. பார்த்துக்கொள்ளடி இளவரசி, தன் தப்பைத் தானே பிடிக்கிற பிள்ளை என்று நினைத்தேன். அதற்குள் அவள் நான்காவதை அழித்தாள். ஐந்தாவதை அழித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் அழித்தாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேசினால் தோல்வி என்பதற்காகத்தான் பேசவில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். பொய். என் பிள்ளை பத்து நிமிஷத்தில் மறுபடி போட்டுவிடுவாள், இவள் பார்த்து வயிறெரியட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

பதிமூன்றாவது கணக்கின் நடுவில் அலாரம் அடித்தது.

இளவரசி தாளை வாங்கித் திருத்தினாள். பன்னிரண்டு சரி. பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அழித்த இடத்தில் பென்சில் தடம் தெரிந்தது. நிதானமாக ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"பதிமூணு கரெக்டு. பதினாலு கரெக்டு. எல்லாமே கரெக்டாதான் போட்டுக்கினு இருந்திருக்குது கொழந்த. ஆனா அழிச்சதுக்கு மார்க் போடற வழக்கம் இல்லியேம்மா."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "பேச்சுன்னா பேச்சுதான் காவேரி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

தறியை விட்டு எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. திரிஷாவின் கன்னத்தில் என் ஐந்து விரலும் பதிந்துவிட்டன. அதுவரை அவளை நான் அடித்ததே இல்லை.

"யாருடி உன்ன எல்லாத்தயும் அழிக்கச் சொன்னது?"

அவள் அழவில்லை. பாவாடையில் ரப்பர் துகள் ஒட்டியிருந்தது.

"நீதாம்மா" என்றாள்.

பிறகு இளவரசி பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"அத்த, பேப்பரக் குடு. மிச்சத்தயும் போட்டுட்றேன். தப்பு இல்லாம போட்டா அம்மா ஒண்ணும் சொல்லாது."

இளவரசி தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.