பெடலில் பழுதில்லை

தையல் மெசினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் எல்லாரும் தையல் மெசின் கொடுக்கக் கிளம்பிய காலம் அது. சுனாமி முடிந்ததும் கொஞ்சம் கொடுத்தார்கள். சண்டை முடிந்ததும் மிச்சத்தைக் கொடுத்தார்கள். இரண்டாயிரத்துப் பத்தில், மாங்கேணியில் கரண்ட் கம்பம் நட்ட சிமெந்து காய முன்னமே, ஒரு நிறுவனம் ‘மகளிர் தையல் நிலையம்’ என்று போர்டு மாட்டிவிட்டது. உள்ளே பதினான்கு மெசின்கள். எல்லாம் எந்த நாட்டிலோ எவரோ வேண்டாம் என்று தூக்கிப்போட்ட பழைய சாமான்கள். கறுப்பு இரும்பில் பொன்னிறப் பூப்போட்டு, பக்கத்தில் ஒரு மோட்டரும் காலடியில் ஒரு இரும்புப் பெடலும் வைத்தவை. ஒன்றும் ஒழுங்காக ஓடவில்லை.

திருத்துவதற்கு நாவற்குடாவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மெசின் திருத்துகிற இராசதுரை என்றால் வாழைச்சேனை வரைக்கும் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பதின்மூன்று மெசின்களை ஒரே காலையில் முடித்தேன். ஒன்றில் மோட்டருக்குள் கரித்துண்டு தேய்ந்து பொறி பறந்தது, மாற்றினேன். இன்னொன்று, காலை எடுத்த பிறகும் நிற்காமல் ஓடியது. பெடலுக்குள் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிரித்து அரத்தால் தேய்த்தேன். மற்றதிலெல்லாம் பிழை மெசினில் இல்லை, காலில். இந்தப் பெண்கள் காலமெல்லாம் மிதி மெசினில் தைத்தவர்கள். குதிக்கால், விரல், குதிக்கால், விரல் என்று இதையும் ஊஞ்சல் மாதிரி ஆட்டினால் மெசின் விக்கல் எடுக்காமல் என்ன செய்யும்?

“நெல்லுக் குத்துற வேலையா இது? சும்மா அழுத்திப் பிடிச்சாக் காணும்,” என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன்.

பதினான்காவது மெசின் தெய்வமணியுடையது. அவளுடைய புருசனையும் முதல் மெசினையும் சுனாமி ஒரே காலையில் கொண்டுபோனது. இரண்டாவதை, ஷெல்லுக்குப் பயந்து ஓடியபோது வீட்டிலேயே விட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது வீடே இல்லை. இது மூன்றாவது. இதுவும் கைவிட்டுப் போனால், படிக்கிற மகள் தர்சினியையும் கூட்டிக்கொண்டு இறால் கோது உரிக்கத்தான் போகவேண்டும். இதை அவள் சொல்லவில்லை, பக்கத்து மெசின்காரி கேதீஸ்வரி சொன்னாள்.

“காலுல அடிக்குது அண்ணன்,” என்றாள் தெய்வமணி.

“என்ன, கரண்டா?”

“ஓம். மிதிச்ச உடன முழங்கால் வரைக்கும் விறைக்குது. ஏழு கிழமையாச் சொல்லுறன், ஒருத்தரும் கேக்கிறாங்க இல்ல.”

“கடலோட போன புருசன்தான் காலப் புடிச்சு இழுக்கிறார் போல!” என்றாள் கேதீஸ்வரி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எடுத்து பிளக்கில் வைத்தேன், மோட்டரில் வைத்தேன், மெசினின் உடம்பில் வைத்தேன். எல்லாம் சரி. பெடலில் வைக்கவில்லை. மிதிக்கிற சாமானுக்கு எவன் டெஸ்டர் வைப்பான்? ஏறி இருந்து காலை வைத்து அழுத்தினேன். மெசின் பட்டுப் போல ஓடியது.

“ஐயோ, செருப்பக் கழட்டிட்டு மிதிங்க அண்ணன்,” என்றாள். அப்போதுதான் பார்த்தேன், மெசினுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள், பெடலுக்கும் ஒன்று. அந்த நிலையத்தில் ஒருத்தியும் செருப்போடு மெசினில் இருக்கமாட்டாள். சோறு போடுகிற சாமானாம்.

“கரண்டு வேலை செய்யிறவன் செருப்பக் கழட்டமாட்டான். கழட்டினாச் செத்துப்போவான்,” என்றேன். என் வாயால்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, பெரிய பகிடி விட்டவன் மாதிரி சுற்றிவரப் பார்த்தேன்.

அந்த நேரம் இணைப்பாளர் கோணாமலை வந்தார். நிறுவனத்தின் ஆள். மாங்கேணி மணலில் நடந்து வந்தும் ஒரு பொட்டுத் தூசி ஒட்டாத சப்பாத்து. அந்தச் சப்பாத்தோடு அவரும் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார்.

“எங்க அடிக்குது? மனப்பிராந்தி. இராசதுரை, நீர் எழுதித் தாரும்.”

எழுதினேன். ‘பெடலில் பழுதில்லை. மிதிப்பவருக்குப் பயம்.’ கீழே கையெழுத்தும் போட்டேன், என் கையெழுத்து அழகானது. அவர் அந்தத் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தெய்வமணியிடம் திரும்பினார்.

“வெள்ளிக்கிழமை திறப்பு விழா. வெளிநாட்டு ஆக்கள் வாறாங்க. அண்டைக்கு நீங்க இதுல இருந்து தைக்கோணும். தைக்காட்டி மெசின் வேற ஆளுக்குப் போகும். கேக்கிறதுக்கு எத்தின பேர் இரிக்காங்க தெரியுமா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் சாமான் பெட்டியைப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நிலத்தைக் கழுவி ஈரம் காயவில்லை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. ஆகவே எல்லாரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தோம். வெள்ளைக்கார அம்மா கழற்றினாள், நான் கழற்றினேன், கோணாமலையும் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்தார். பேச்சு மட்டும் ஒரு மணித்தியாலம். ‘வலுவூட்டல்’ என்ற சொல்லை அவர் எத்தனை தரம் சொன்னார் என்று எண்ணத் தொடங்கி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

பிறகு தைத்துக் காட்டச் சொன்னார்கள். பதின்மூன்று மெசின்கள் ஓடின. தெய்வமணி பல்லைக் கடித்துக்கொண்டு காலை வைத்தாள், உதறி எடுத்தாள். மறுபடி வைத்தாள், எடுத்தாள். வந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“எழும்புங்க!” என்றார் கோணாமலை. “பயந்தாங்கொள்ளிகளுக்கு மெசின் எதுக்கு? நான் காட்டுறன், பாருங்க.” காற்சட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஸ்டூலில் குந்தி, பெடலை ஒரே அழுத்தாக அழுத்தினார்.

“ஐயோ அம்மோய்!”

ஸ்டூல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மல்லாக்கக் கிடந்து காலைக் காலை உதறினார். நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். வெள்ளைக்கார அம்மா, இதுவும் வரவேற்பு நடனம் என்று நினைத்தாளோ என்னவோ, கமராவைத் தூக்கினாள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அந்த இடத்திலேயே பெடலைக் கழற்றினேன். உள்ளே வயரின் றப்பர் வெடித்து, செம்புக் கம்பி இரும்புக் கூட்டில் முட்டிக்கொண்டு இருந்தது. பெயின்ட் உரிந்த இடத்தில் வெறுங்காலை வைத்தால் கரண்ட் நேரே ஆளுக்குள்தான் போகும். செருப்புக்கும் சப்பாத்துக்கும் அது என்ன செய்யும்? சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற விசயம். முப்பது வருசம் மெசின் திருத்திய பெரிய மனிசன் எனக்கு விளங்கவில்லை.

“ஆளக் கொல்லுற சாமான்!” என்று கத்தினார் கோணாமலை. “உடன தூக்கி எறிங்க! இவவுக்கு வேற மெசின் குடுங்க, இண்டைக்கே குடுங்க! இராசதுரை, என்னத்தப் பாத்துக் கையெழுத்து வச்சீர்?” அவள் ஏழு வாரம் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் போட்ட ஒரு கூச்சல் மட்டக்களப்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு எரிச்சல் வந்தது. நீரும்தானே மிதித்துப் பார்த்தீர் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் தெய்வமணி கிட்ட வந்தாள். சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். கோபமும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரிக் கேட்டாள்.

“அண்ணன், ஐயாவுக்கு அடிச்சா மெசினுல பழுது. எனக்கு அடிக்கக்குள்ள மட்டும் என்னிலயா பழுது?”

கேதீஸ்வரி சிரிப்பை நிறுத்தினாள். கோணாமலை காலுறையைத் தேடி வாசல் பக்கம் போனார். நான் குனிந்து, விழுந்த ஸ்குரூ ஆணியைத் தேடுகிறவன் போல ஈர நிலத்தைத் தடவினேன். ஆணி என் கைக்குள்ளேயே இருந்தது.