இரண்டாவது சிவப்புப் புள்ளி

புற்றுநோய் மருந்தின் மூலக்கூற்றைச் சற்று மாற்றினால் இதயத்துக்கு வரும் கெடுதல் குறையும் என்பது டாக்டர் பெர்னார்டின் நம்பிக்கை. மாற்றிய மருந்தும் டி.என்.ஏ.வை இறுகப் பற்றுகிறது என்று ஈப்போ ஆய்வுக்கூடத்தில் இரண்டு முறை சோதித்துச் சொன்னவள் அவருடைய மாணவி சாந்தினி. அதை நம்பித்தான் நிதிக்குழு கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணிக்கு வரவிருந்தது.

அன்று காலை, மாற்றிய மருந்தைப் புதிதாகத் தயாரித்து மூன்றாம் முறை சோதித்தாள். மருந்து இறுகப் பிடித்திருந்தால் டி.என்.ஏ. இழைகள் பிரியக் கூடுதல் சூடு வேண்டும். போன மாதம் எழுபத்தெட்டு டிகிரி வரை தாங்கின. இன்று எழுபதிலேயே பிரிந்துவிட்டன. மருந்தே இல்லாவிட்டாலும் அறுபத்தெட்டு வரை தாங்கும்.

கருவிக் கோளாறாக இருக்குமோ என்று, மாற்றாத மருந்தை வைத்துப் பார்த்தாள். எண்பது. கருவி சரியாகத்தான் இருந்தது. பிறகு போன மாத மிச்சத்தையும் புதியதையும் கலப்படத்தைப் பிரித்துக் காட்டும் ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றினாள். புதியது ஒரே சிவப்புப் புள்ளியாக ஏறியது. போன மாதத்தியது இரண்டாகப் பிரிந்தது. கீழே நின்ற புள்ளி மாற்றப்படாத மருந்து. சுத்திகரித்தவள் அவள்தான். சொந்த ஊரான ஹுத்தான் மெலிந்தாங் போய் வீட்டாரோடு தீபாவளி கொண்டாடும் அவசரத்தில், தூய்மையைப் பார்க்கும் கடைசிச் சோதனையை விட்டிருந்தாள்.

தகட்டைக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. மணி ஒன்று நாற்பது. அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

"டாக்டர், ரிசல்ட் தப்பு. நான் பண்ணதுதான்."

டை கட்டிக்கொண்டிருந்த பெர்னார்டின் கை நின்றது. "விளையாடுறியா? அவங்க கீழ கார் நிறுத்துறாங்க."

"பழைய மருந்து கலந்திருக்கு. அதுதான் பிடிச்சிருக்கு. டி.என்.ஏ.ல இருக்கிறது நெகட்டிவ் சார்ஜ். மருந்துல இருந்த பாசிட்டிவ் சார்ஜை, நாம புதுசா ஒட்டவச்ச அசிட்டைல் துண்டு எடுத்துடுச்சு. அப்புறம் எப்படி டாக்டர் பிடிக்கும்?"

"இன்னிக்கு மட்டும் பேசாம இருலா. அடுத்த மாசம் திருத்திக்கலாம்."

"அடுத்த மாசம் எலிக்குப் போடுவாங்க. அப்புறம் மனுஷனுக்கு."

அவர் முகம் சிவந்தது. "அப்ப நீயே போய்ச் சொல்லு."

சொன்னாள். தகட்டை நிதிக்குழுவின் முன் வைத்து, இரண்டு புள்ளிகளையும் காட்டினாள். "யார் சுத்திகரிச்சது?" என்று ஒரு பெண்மணி கேட்டார். "நான்தான்," என்றாள். பெர்னார்ட் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதி கிடைக்கவில்லை. மூன்று நாள் அவர் அவளிடம் பேசவில்லை. நாலாம் நாள், கையால் வரைந்த ஒரு மூலக்கூறுப் படத்தை அவள் மேசையில் வைத்தார்.

"அந்த சார்ஜ் இருக்கிற இடத்தைத் தொடாம, மறுபக்கம் மாத்தினா பிடிக்குமா?"

"தெரியல டாக்டர்."

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.