இடக்கைச் சலாம்

கிக்கரை மிதித்து மிதித்து நளீமின் வலது கால் மரத்துப் போயிருந்தது. முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ஊரார் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மையத்து வீடு என்றால் அழுகைச் சத்தம் கேட்க வேண்டும். அன்று மாம்புரியில் அந்த வீட்டில் கேட்டதோ, றவூப் மாமாவின் பழைய மோட்டார் சைக்கிள் இருமும் சத்தம்.

"சோக்க இழுத்துட்டு அடிங்க மருமகன்" என்றார் ஒருவர்.

"இழுக்கப்படாது. சோக் போட்டா அது அடைச்சிரும்" என்றார் மற்றவர்.

ஆளுக்கொரு வைத்தியம். அந்தச் சைக்கிளின் வைத்தியம் முழுக்கத் தெரிந்த ஒரே மனிதர் உள்ளே வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தார். காலையில் முகம் கழுவப் போனவர் கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டார். ஓடிப் போய்த் தூக்கியவர்களில் நளீமும் ஒருவன். அப்போது தொடங்கிய ஓட்டம். பள்ளிவாசலுக்கு அறிவித்து, கூடாரம் கதிரைக்குச் சொல்லி, கபுறுக் குழி வெட்ட ஆள் பிடித்து, சொந்தக்காரர் எல்லோருக்கும் அழைப்பெடுத்துச் சொல்லிச் சொல்லி போனும் செத்துப் போயிற்று. அவனுடைய ஸ்கூட்டியை மையத்துக்குச் சுற்றும் கபன் துணி எடுத்து வர யாரோ கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சியது மாமாவின் இந்தக் கிழட்டுக் குதிரைதான்.

அவன் மனைவி சப்னா வாசல் சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம்.

"இன்னும் போகல்லயா நீங்க? தம்பி வந்து வாப்பாட முகத்தப் பார்க்காம நான் மையத்தத் தூக்க உடமாட்டேன், செல்லிட்டன்."

"போறன் தானே. இது ஸ்டார்ட் ஆகவும் வேணுமே!"

அவளுடைய தம்பி அஃப்ராஸ் முந்தலுக்கு அங்கால் ஓர் இறால் பண்ணையில் வேலை. குளத்தடிக்குப் போன் கொண்டு போக விடமாட்டார்கள். காலையிலிருந்து அடித்தும் பதில் இல்லை. யாராவது நேரில் போய்த்தான் கூட்டிவர வேண்டும். பள்ளி நிருவாகிகளோ பின்னேரம் அசர் தொழுகையோடு மையத்தை எடுப்பதென்று முடிவு சொல்லிவிட்டார்கள். இந்த வெயிலில் அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதும் நியாயம்தான்.

கடைசியில் சைக்கிள் மனமிரங்கிப் பற்றிக்கொண்டது. நளீம் மாமாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அந்தச் சைக்கிளின் டேங்க் மஞ்சள் நிறம். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற்றை வாங்கி மாமா தன் கையாலேயே பூசியது. பாலாவிக்கும் கல்பிட்டிக்கும் இடையில் அதைத் தெரியாதவர் இல்லை. விதைக்கடை ஒன்றுக்குத் தோட்டம் தோட்டமாய்ப் போய் ஆர்டர் எடுப்பதுதான் அவர் தொழில் என்றாலும், உண்மையான தொழில் எதிரே பைக்கில் வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்டுவது என்று நளீம் வீட்டில் சொல்லிக் கோபித்துக்கொள்வான். இடது கையை ஹாண்டிலிலிருந்து எடுத்து, தலையைச் சற்றே சாய்த்து ஒரு சலாம். முன்னால் பொலிஸ் நின்றால் ஹெல்மெட்டின் உச்சியில் ஒரு தட்டு. எதிரே வருகிறவனின் ஸ்டாண்ட் மடக்காமல் கிடந்தால் கீழே பார்த்து ஒரு விரல். பள்ளியில் தொழுவிக்கும் ஹஸரத் ஒருமுறை, "இடது கையால சலாம் செல்றது என்ன பழக்கம் றவூப்?" என்று கேட்டுவிட்டார். "வலது கைய எடுத்தா ஆக்ஸிலேட்டர் போயிரும் ஹஸரத், பொறகு ரெண்டு பேரும் மேல போய் மலக்குமாருக்குத்தான் சலாம் செல்லணும்" என்றாராம் மாமா.

சிரிக்கலாம். ஆனால் நளீமுக்குச் சிரிப்பு வந்ததில்லை. அவனுடைய நிக்காஹ் அன்று மாப்பிள்ளையாக அவன் பள்ளியில் வியர்த்து வடிய உட்கார்ந்திருக்க, பெண்ணின் பொறுப்பாளராக, வலியாக இருந்து அவளைக் கொடுக்க வேண்டிய மாமா நுரைச்சோலைப் பக்கம் எவனோ ஒருவனின் பைக்குக்கு டியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். வந்து மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "ரோட்டுல நிண்ட ஆள உட்டுட்டு வர ஏலுமா மருமகன்?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அன்று மனதில் விழுந்த கறள் இன்றுவரை போகவில்லை.

ஊர் எல்லையைத் தாண்டவில்லை, எதிரே வந்த ஒருவன் கையை உயர்த்தினான். நளீம் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தான். அடுத்து இன்னொருவன், வெங்காய மூட்டையோடு. பிறகு இரண்டு பேர் சேர்ந்தாற்போல். மரணம் ஊருக்குள் பரவியிருந்தாலும் ரோட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. கியர் வேறு அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஸ்கூட்டி ஓடிப் பழகிய கால் பிரேக்கைத் தேடித் தேடித் தடுமாறியது.

மின்சாரக் காற்றாடிகள் தெரியும் வளைவில் ஒருவன் கை காட்டிப் போனான். போனவன் திரும்பி, ஹோர்ன் அடித்து அடித்து, துரத்தி வந்து குறுக்கே விட்டான்.

"என்ன றவூப் நானா, கண் தெரியல்லயா? எதும் சுகமில்லயோ எண்டு பயந்துட்டன்!"

நளீம் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். "நான் மருமகன். மாமா காலைல மௌத்தாகிட்டாரு."

"இன்னாலில்லாஹி... எப்படி? எத்தன மணிக்கு? ஹாட் அட்டாக்கா? முந்தநாளும் கண்டனே! சீனி வருத்தம் ஈந்திச்சா?"

இறங்கிவிட்டான் அந்த மனிதன். தலையில் கை வைத்தான். தன் தகப்பன் மௌத்தான கதையையும் சேர்த்துச் சொன்னான். நளீமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிகிற வீட்டில் நின்று கூரைக்கு என்ன ஓலை போட்டது என்று கேட்பது போல் இருந்தது. "நான் அவசரமாப் போகணும்" என்று கதையை இடையில் வெட்டிக்கொண்டு கிளம்பினான்.

அதற்குப் பிறகு அவன் ஒரு முடிவுக்கு வந்தான். கை காட்டாவிட்டால் துரத்தி வருவார்கள், காட்டிவிட்டால் போய்விடுவார்கள். எனவே எதிரே வந்த ஒவ்வொருவனுக்கும் இடது கையைத் தூக்கினான். தலையையும் கொஞ்சம் சாய்த்தான். அவர்களும் சந்தோஷமாய்த் தூக்கிவிட்டுப் போனார்கள். றவூப் நானா உயிரோடு இருக்கிறார் என்று ரோடு முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு போவது போல அவனுக்கு நெஞ்சு கூசியது. வேறு வழி தெரியவில்லை.

பாலாவிச் சந்தியில் திரும்பி, உப்பளங்களைத் தாண்டி, மதுரங்குளியும் கழிந்து கொஞ்ச தூரம் போனதும் காலடியில் பட்டென்று ஒரு சத்தம். இஞ்சின் கத்தியது, சைக்கிள் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் செயின் பாம்புச் சட்டை போலத் தார் ரோட்டில் கிடந்தது.

"அட, உன்னோட!" என்று நளீம் சைக்கிளைப் பார்த்து வைதான். இரண்டு பக்கமும் தென்னந்தோட்டம், முள்வேலி. ஒரு கடை கிடையாது. வெயில் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது.

தூரத்தில் ஒரு பைக் வந்தது. நளீம் ரோட்டோரம் நின்று கையை உயர்த்தி ஆட்டினான். வந்தவன் மஞ்சள் டேங்கைப் பார்த்தான், ஹெல்மெட்டைப் பார்த்தான், முகமெல்லாம் பல்லாக இடது கையை உயர்த்திவிட்டுப் போயே போய்விட்டான்.

அடுத்தவனுக்கு இரண்டு கையையும் ஆட்டினான். அவன் ஹோர்னும் சேர்த்து அடித்துவிட்டுப் போனான். மூன்றாவதாக வந்தவனுக்கு முன்னால் நளீம் குதித்தே காட்டினான். "நானாக்கு இண்டைக்கு என்ன குஷி!" என்று காற்றில் கத்திக்கொண்டு பறந்தான் அவன். காரும் லொறியும் வழக்கம்போல நிற்கவே இல்லை.

நளீமுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. செத்த பிறகும் இந்த மனிதர் நேரத்துக்கு ஒரு காரியம் நடக்க விடமாட்டாரா? ஹெல்மெட்டைக் கழற்றி, சைக்கிளுக்குப் பின்னால் நிலத்தில் ஓங்கி எறிந்தான். அது இரண்டு புரளல் புரண்டு ரோட்டோரத்தில் குந்தியது.

அடுத்து வந்த பைக் பிரேக் பிடித்து, புழுதி கிளம்ப நின்றது. பின்னால் பெரிய ரெஜிபோம் ஐஸ் பெட்டி கட்டிய, கறுத்து உயர்ந்த ஓர் ஆள். கழுத்தில் சிறிய சிலுவை.

"என்ன கரைச்சல்?"

"இவ்வளவு நேரமாக் கை காட்டுறன், ஒருத்தனும் நிக்கல்லயே! நீங்க மட்டும் எப்படி நிண்டீங்க?"

"ஹெல்மெட் நிலத்துல கிடக்கே. அது கிடந்தா ஆள் கஷ்டத்துல எண்டு அர்த்தம். கை காட்டினா சுகமா இருக்கிறன் எண்டுதானே?" என்றவன் டேங்கைப் பார்த்தான். "இது றவூப் நானாட பைக். நானா எங்க?"

"மௌத்து. காலைல."

அவன் எப்படி என்று கேட்கவில்லை. எத்தனை வயது என்றும் கேட்கவில்லை. தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு, "எத்தன மணிக்கு எடுக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டான்.

நளீம் விஷயத்தைச் சொன்னான். பண்ணையின் பெயரைச் சொன்னதும் அவன் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். "என்ட பேர் றொபி. அந்தப் பண்ணைக்கு ஐஸ் போடுறது நான்தான். நீங்க போனா கேட்டுலயே அரை மணித்தியாலம் நிப்பாட்டி வெச்சுக் கேள்வி கேட்பான். நான் போய்ப் பொடியன ஏத்திக்கொண்டு நேரா மாம்புரிக்கு விடுறன். மூண்டு பேர் ஏறேலாது. நீங்க இதப் பார்த்துக்கொண்டு நில்லுங்க."

வெறும் பெட்டியை இறக்கி வைத்தான். நளீம் தயங்கினான். முன்பின் தெரியாத ஒருவனிடம் இப்படி ஒரு செய்தியைக் கொடுத்து அனுப்புவதா?

"அவனுக்கு ஒண்டும் தெரியாது. வாப்பாக்குக் கடும் சுகமில்ல எண்டு மட்டும் செல்லுங்க."

"சரி."

"திரும்பி வரக்குள்ள எனக்கிட்ட நிக்க வேணாம். நேரா போங்க."

"சரி அண்ணன்" என்று றொபி முந்தல் பக்கம் போனான்.

பெட்டியின் மேல் உட்கார்ந்து நளீம் காத்திருந்தான். ஹெல்மெட்டை எடுக்கவில்லை. இப்போது வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் அவன் "மௌத்து" என்று சொன்னான். சொல்லச் சொல்ல அந்தச் சொல் வாயில் தேய்ந்து போனது. ஒருவன் செயின் லிங்க் வாங்கி வருகிறேன் என்று மதுரங்குளிக்குத் திரும்பிப் போனான்.

அவன் வருவதற்கு முன்னே றொபியின் பைக் வந்துவிட்டது. பின்னால் அஃப்ராஸ், சேறு காயாத காற்சட்டையோடு, நெற்றியை றொபியின் முதுகில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பையனுக்கு யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை என்று பார்த்ததுமே நளீமுக்கு விளங்கிவிட்டது. பைக் வேகம் குறைந்தது.

"நிக்காதீங்க! போங்க, போங்க!" என்று நளீம் ரோட்டுக்கு ஓடிக் கத்தினான்.

லிங்க் வந்ததும் செயினைப் பொருத்தி முடித்து, கிக்கரோடு மறுபடி மல்லுக்கட்டி, பெட்டியையும் பின்னால் கட்டிக்கொண்டு பாலாவிக்கு வந்தபோது அசர் பாங்கு கேட்டது. நளீம் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். கிழட்டுச் சைக்கிள் தன் வேகத்தில்தான் ஓடியது. வழியில் கை காட்டியவர்களை அவன் பார்க்கவே இல்லை. கண்ணீரில் ரோடே சரியாகத் தெரியவில்லை.

மையவாடிக்கு அவன் வந்து சேர்ந்தபோது ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். "எங்க போனீங்க மருமகன்? உங்களத் தேடினாங்களே!" என்று ஒருவர் குறையாகக் கேட்டுவிட்டுப் போனார். படலைக்கு வெளியே றொபி நின்றான்.

"முகத்தக் கண்டானா?" என்றான் நளீம்.

"கண்டார். முகத்த மூட முந்தியே கொண்டுபோய் விட்டிட்டன்."

உள்ளே கபுறின் தலைமாட்டில் மீஸான் கட்டை நட்டாகிவிட்டது. மண்ணை மண்வெட்டியால் தட்டி, தண்ணீரும் தெளித்து முடித்திருந்தார்கள். அஃப்ராஸ் கால்மாட்டில் தனியே நின்றான். நளீமைக் கண்டதும் வந்து தோளில் சாய்ந்தான்.

"மச்சான், முகத்தப் பார்த்துட்டன். நித்திர மாதிரித்தான் ஈந்தாரு. சிரிச்ச மாதிரி. நீங்களும் பார்த்தீங்க தானே காலைல?"

கிணற்றடியில் நளீம் பிடித்தது கால் பக்கம். நனைந்த சாரமும் இரண்டு பாதங்களும்தான் அவன் கண்டவை. பிறகு பள்ளி, கூடாரம், கதிரை, போன். முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நேரம் இருக்கிறதே என்றிருந்தான்.

"ஓம்" என்றான் நளீம்.

அஃப்ராஸை மெல்ல விலக்கிவிட்டுக் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினான். எல்லோரும் போட்டு முடிந்த கபுறில் அதைப் போட்டான். உள்ளங்கையெல்லாம் செயின் கிரீஸ். பாதி மண் விழுந்தது, பாதி கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.