கல் குளிக்கும் தொட்டி

1.

இந்தக் கதை ஒரு அசட்டுக் கேள்வியில் பிறந்தது. ஜன்னல் கதவைச் சரிசெய்யத் தச்சுப் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே தண்ணீர் நிரப்பிய மரத்தொட்டி, அதன் குறுக்கே ஒரு சட்டம், சட்டத்தில் இறுக்கிய தீட்டுக்கல். இது என்ன என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். "பார்த்தா தெரியலையா? கல்லு குளிக்குது" என்றாள்.

நிஜம் அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சரக்கு. பிடிக்காவிட்டால் என்னைத் திட்டுங்கள், அவளை அல்ல.

2.

"இளவெயில் அவளுடைய உளியின் மீது பட்டுத் தெறித்து..."

(வேண்டாம். மழுங்கிக் கிடக்கிற உளியில் வெயிலுக்கு என்ன வேலை?)

மறுபடி தொடங்குகிறேன். பட்டறை அவளுடைய அண்ணனுடையது. ஜன்னலோர மேசையில் வெளிச்சம் நன்றாக விழும். அங்கேதான் அவள் செதுக்குவாள். அந்த இடத்தில் ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைக்க அண்ணனுக்கு ஆசை.

"நீ உள்ள உக்காந்து உப்புத்தாள் தேய்ச்சா போதாதா?"

"போதாது."

"அப்படியா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லா உளியையும் கைமுடி வழிக்கிற மாதிரி தீட்டிக் காட்டு. அப்புறம் ஜன்னலப் பத்திப் பேசலாம்."

கல் மேசையில் வழுக்கிக்கொண்டே போகும், அடிக்கடி காய்ந்தும் போகும். அதனால் அன்றே தொட்டியைச் செய்து ஜன்னலோர மேசையோடு சேர்த்து முடுக்கினாள். தொட்டியின் குறுக்கே திருகாணியால் பூட்டிய சட்டத்தில் கல்லை வைத்து, ஆப்படித்து இறுக்கி, தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

3.

கல்லுக்கு இரண்டு முகம். முதலில் சொரசொரப்பு, பிறகு வழவழப்பு. மறுநாள் காலையில் எல்லா உளிகளையும் சொரசொரப்பில் தேய்த்து முடித்துவிட்டு, கல்லைத் திருப்ப ஆப்பைத் தட்டினாள். அசையவில்லை. ஈரத்தில் மரம் உப்பிக் கல்லைக் கவ்வியிருந்தது. வழவழப்பான முகம் அடியில், தண்ணீருக்குள்.*

(*தச்சு வேலை செய்பவளுக்கு மரம் உப்பும் என்று தெரியாதா என்று கேட்காதீர்கள். அவளுக்குத் தெரியும். அவள் கோபத்துக்குத் தெரியாது.)

அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார். "உனக்கு நீயே ஆப்பு வச்சுக்கிட்டியா? ஓங்கி அடிக்காதே, என் கல்லு உடைஞ்சுடும்."

"தள்ளி நில்லுண்ணா. வெளிச்சத்த மறைக்கிற."

"உனக்கு உளி பிடிக்கக் கத்துக்கொடுத்தேன் பாரு! தீட்டின மரத்துலயே கூர் பாக்குறியா?"

4.

முதல் முடிவு: அவள் அழுகிறாள், அண்ணன் மனம் இளகி... (எழுதும்போதே எனக்குக் கூசியது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு: கல்லைக் காப்பாற்ற, தான் செய்ததைத் தானே பிளக்கிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தியாகம் இருக்கிறது, நாலு பேர் கண்கலங்குவார்கள். பிளந்துவிடு என்று எழுதப்போனேன்.

"உங்க கதைக்காக என் தொட்டிய நான் எதுக்கு உடைக்கணும்?" என்றாள்.

சட்டத்தின் திருகாணிகளைக் கழற்றினாள். கல்லோடு சேர்த்துச் சட்டத்தையே புரட்டிப் போட்டாள். வழவழப்பு மேலே வந்தது. இது அண்ணனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

5.

சாயங்காலம் அண்ணன் ஒரு உளியை எடுத்துத் தன் கையில் வைத்து இழுத்தார். அது முடியைச் சுத்தமாக வழித்தது.

"சரி, ஜன்னலப் பத்திப் பேசலாம்" என்றார்.

"பேச என்ன இருக்கு?" என்றபடி அவள் வேலையைத் தொடர்ந்தாள்.

அவர் இடத்தை விட்டுக்கொடுத்தாரா, இயந்திரத்தை இறக்கினாரா என்று நான் எழுதப்போவதில்லை. அவளை அங்கிருந்து எழுப்பியே ஆக வேண்டும் என்று நினைக்கிற வாசகர் தாராளமாக உள்ளே போய் எழுப்பிப் பார்க்கலாம். எல்லா உளிகளும் இப்போது கூராக இருக்கின்றன.